கேசட்டின் கடைசிப் பாட்டு

1985 ஐப்பசி, வெள்ளிக்கிழமை

செல்லூர் தறிக்காரர் ஒருவர் கேசட்டோடு என் ரெக்கார்டிங் கடைக்கு வந்தார்.

"கேட்ட சினிமாப் பாட்டெல்லாம் சரிண்ணே. கடைசியில பாடுறது யாரு?"

பிடிபட்டேன். யார் கேசட் கொடுத்தாலும், மிச்சமிருக்கும் நாடாவில் பசுமலை நண்பர்கள் நடத்திய பாட்டுக்குழுவின் சொந்தப் பாட்டைச் சேர்த்துவிடுவேன். மேடையில் அதைப் பாட யாரும் அவர்களை விட்டதில்லை. இந்தக் கடை ஷட்டரை இறக்கிவிட்டு, வியர்க்க வியர்க்கப் பதிந்தோம். அப்படியும் நடுவில் ஒரு பஸ் ஹாரன் விழுந்துவிட்டது.

"அழிச்சுத் தாரேண்ணே."

"அட, வேணாம். ஹாரன் வார எடத்துல எம்பிள்ளைகளும் சேந்து கத்துதுக. அவுக புதுப்பாட்டு இருந்தா குடுங்க."

"அடுத்த வாரம் வாங்க" என்றுவிட்டேன்.

குழு கலைந்துவிட்டது. கிடார்க்காரன் துபாயில் இருக்கிறான். பாடியவன் வில்லாபுரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறான். விடிந்ததும் டேப் ரெக்கார்டரோடு போய், அவன் கடை ஷட்டரை இறக்கச் சொல்ல வேண்டும்.