ஏழாம் தண்ணீர்

வடமுனை நிலையம், செவ்வாய்க் கோள்
பதிவு: முனைவர் கோவர்த்தனன், தாவரப் பிரிவு
இதைக் கண்டெடுப்பவர் முதலிலிருந்து படிக்கவும். கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு என்னைப் பற்றி முடிவுக்கு வர வேண்டாம். அந்த வேலையைச் செய்யப் பூமியில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

நாள் 412 | 08:15

அறுவடை முடிந்தது. பதினோரு கஞ்சாச் செடிகள். பூங்கொத்துகள் மட்டும் பச்சை எடையில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். இன்னும் கொஞ்சம் முதிர விட்டிருக்கலாம். ஆனால் புழுதிப் புயலில் சூரியத் தகடுகள் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரம்தான் தருகின்றன. பசுமைக்குடிலின் வெப்பத்தை இன்று நிறுத்துகிறேன். மாலைக்குள் உள்ளே எல்லாம் உறைந்துவிடும்.

நிலையத்தில் இப்போது இருவர்தான். நானும் ஜெசிந்தாவும். அவர் தூத்துக்குடிக்காரர், நிலத்தடிப் பனிக்கட்டியைத் தோண்டியெடுக்கும் துளைப்பொறிக்குப் பொறியாளர். சென்ற வாரம் அதன் இரும்புச் சட்டம் சரிந்து அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே நசுக்கிவிட்டது. எலும்பை நேராக்கிக் கட்டியிருக்கிறேன். நரம்பை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. கடைசி வலிநீக்கி ஊசியை நேற்றுப் போட்டாயிற்று.

இனி அவருக்கு இந்தப் பூதான் மருந்து.

நாள் 412 | 11:40

செய்முறை. செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் என்ற உப்பு உண்டு. செடி அதை உறிஞ்சி இலையிலும் பூவிலும் சேர்த்து வைத்துக்கொள்ளும். அப்படியே தின்றால் வலி போகும், கூடவே தைராய்டும் போகும். காற்றில் உலர்த்திப் பதப்படுத்துவது எல்லோரும் செய்வது. அதில் உப்பு போகாது. வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். ஆகவே தண்ணீரில் பதப்படுத்துகிறேன். பூவை ஜாடியில் போட்டு, முழுகும்படி அமுக்கி, தினமும் தண்ணீரை மாற்றுவது. உப்பும் சர்க்கரையும் பச்சையமும் கசப்பும் தண்ணீரோடு போய்விடும். வலியைத் தணிக்கும் பிசின் தண்ணீரில் கரையாது, பூவிலேயே நிற்கும். தடவைக்கு ஐந்து லிட்டர். மொத்தம் ஏழு தண்ணீர்.

இந்த முறை பற்றிப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. தேடினால் வித்யாபதி என்ற பெயரில் கிடைக்கும். என் பெயர் கடைசியில், நன்றியுரையில், 'ஆய்வக உதவி' என்ற இடத்தில் இருக்கும். அந்த வித்யாபதிதான் இன்று பூமியில் இந்தத் திட்டத்துக்குத் தலைவர். நான் இங்கே ஜாடி கழுவுகிறேன்.

நாள் 413 | 07:30

முதல் தண்ணீரை வடித்தேன். அடர் பச்சை, மேலே நுரை. குளத்துப் பாசி நாற்றம்.

மின்சாரத்தை மிச்சப்படுத்த மருத்துவ அறையை மட்டும் சூடாக வைத்து, கதவை அடைத்திருக்கிறேன். ஜெசிந்தாவுடன் பேச்சு உள்பேசி வழியாகத்தான். காலையில் பதிவானது:

"சார், கீரை கடையுதீயளா? இங்க வரைக்கும் வாடை வருது."

விளக்கினேன்.

"கஞ்சாவா! எங்கம்மைக்கு மட்டும் தெரிஞ்சா, நம்ம புள்ளய இப்பிடி ஒரு கஞ்சாச் சாமியார்ட்ட கொண்டு விட்டுட்டானுவளேன்னு ஒப்பாரி வைப்பா. ஏழு தண்ணியா சார்? அரிசியவே நாங்க ரெண்டு தண்ணிலதான் களைவோம்."

சிரித்தார். சிரிப்பு பாதியில் அறுந்தது. 

வடித்த தண்ணீரை மறுசுழற்சிப் பொறியில் ஊற்றினேன். நிலையத்தின் முதல் விதி அது. வாய் கொப்பளித்த தண்ணீரும் அதற்குத்தான் திரும்ப வேண்டும். விதியை எழுதியது தலைமையகம்.

நாள் 414 | 06:50

மறுசுழற்சிப் பொறி நின்றுவிட்டது. வடிப்புச் சவ்வின் மேல் பச்சையாக ஒரு கொழகொழப்பு. சுரண்டினால் சவ்வும் சேர்ந்து உரிகிறது. இருந்த மாற்றுச் சவ்வைப் போன மாதமே போட்டுவிட்டோம். இன்னொன்று கேட்டிருந்தேன். 'அடுத்த விண்கலத்தில்' என்று பதில் வந்தது. அடுத்த விண்கலம் எப்போது என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை.

துளைப்பொறி இல்லாததால் புதுத் தண்ணீரும் இல்லை. இரண்டாம் தண்ணீரை வடித்த பிறகு, மூன்றாவதை ஊற்றும் முன், தொட்டியில் நாற்பது லிட்டர். அவ்வளவுதான். காய்ச்சி ஆவியைப் பிடிக்கலாம் என்றால் அதற்கான மின்சாரம் மருத்துவ அறையின் வெப்பத்திலிருந்துதான் வர வேண்டும்.

இரண்டாம் தண்ணீரைப் பசுமைக்குடில் பாத்தியில் ஊற்றிவிட்டேன். மண்ணைத் தொட்டதும் உறைந்தது.

நாள் 414 | 15:20

பூமியிலிருந்து, வித்யாபதியின் குரல்:

"கோவர்தா, நிலைமை புரியுது. அங்க பக்கத்துல இருக்கிற வேற நாட்டு நிலையத்துல பேசிட்டேன். ஒரு ஊர்தி கெளம்பிருச்சு. தண்ணி, மருந்து, சவ்வு எல்லாம் வருது. நாள் 419 சாயங்காலத்துக்குள்ள வந்துரும். அதுவரைக்கும் தண்ணிய பாத்து செலவு பண்ணு. அந்த ஊற வைக்கிற வேலைய முதல்ல நிறுத்து. நாலு தண்ணி போதும். கட்டுரையில ஏழுன்னு போட்டது சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான்டா."

மூன்று முறை கேட்டேன். 'சும்மா ஒரு பாதுகாப்புக்கு.' ஏழு என்ற முடிவுக்கு வர நான் எட்டு மாதம் ஆய்வகத்தில் கிடந்தேன். அப்போது இவர் மாநாட்டுக்கு மாநாடு விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த எண் ஏன் ஏழு என்று அதைத் திருடியவருக்கு இன்றுவரை தெரியவில்லை.

பதில் அனுப்பினேன்: "ஏழு."

நாள் 415 | 09:00

மூன்றாம் தண்ணீர். தேயிலை நிறம். உப்புமானி பாதியாகக் குறைத்துக் காட்டுகிறது.

கணக்கு: தொட்டியில் இப்போது முப்பத்திரண்டு. பூவுக்கு இன்றையதையும் சேர்த்து நான்கு தடவை, இருபது லிட்டர். மிச்சம் பன்னிரண்டு எங்களுக்கு, 419 மாலை வரை. என் பங்கைக் காலையில் ஒரு குவளை, மாலையில் ஒரு குவளை என்று குறைத்துவிட்டேன். அவருக்குக் குறைக்கவில்லை. கணக்கு சரியாக வருகிறது.

நாள் 416 | 10:10

நான்காம் தண்ணீர். வெளிர் மஞ்சள்.

ஜெசிந்தாவுக்கு இப்போது வலி விட்டு விட்டு வருவதில்லை. ஒரே சீராக இருக்கிறது. உள்பேசியில்:

"சார், ஒரு மரம் அறுக்குத வாள் இருக்கா நம்மகிட்ட? கேட்டேன் அவ்வளவுதான். கோவிச்சிக்கிடாதீய."

சற்று நேரம் கழித்து:

"அந்தப் பூவ இப்பவே தந்தா என்ன சார்? உப்புதான? நான் உப்பளத்துக்காரி. உப்பு என்னைய ஒண்ணும் செய்யாது."

இது வேறு உப்பு என்று சொன்னேன். நீண்ட விளக்கம் கொடுத்தேன். பாதியில் அவர் கத்த ஆரம்பித்துவிட்டார். உள்பேசியின் ஒலியைக் குறைத்தேன். அணைக்கவில்லை.

நாள் 416 | 16:45

வித்யாபதி:

"உன் அளவீடெல்லாம் இங்க எங்களுக்கும் வருது. இப்ப இருக்கிற உப்பு ஒரு நோயாளிக்கு, ஒரு வாரத்துக்கு, ஒண்ணுமே பண்ணாது. டாக்டருங்களக் கேட்டுட்டுத்தான் சொல்றேன். இன்னிக்கே உலர்த்தி அந்தப் பொண்ணுக்குக் குடு. மீதித் தண்ணிய வச்சுக்க. ஈகோவ ஓரமா வைடா, கஞ்சா ப்ரொபசர்."

கடைசி இரண்டு சொற்கள். இதே இரண்டு சொற்களைத் தேர்வுக் குழுவின் முன்னால், பதினான்கு பேர் எதிரில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு வர வேண்டிய பதவி அன்று அவருக்குப் போயிற்று.

அவர் 'கேட்டுட்டுத்தான் சொல்றேன்' என்றால் கேட்கவில்லை என்று பொருள். எனக்கு அவரைத் தெரியும்.

நாள் 417 | 09:05

ஐந்தாம் தண்ணீர். உப்புமானி நேற்றைக்கும் இன்றைக்கும் கிட்டத்தட்ட ஒரே எண். கருவியில் கோளாறாக இருக்கலாம். கருவி வாங்கியவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

தலைவலி. என் சிறுநீர் ஐந்தாம் தண்ணீரைவிட அடர்ந்த நிறம்.

நாள் 418 | 09:00

ஆறாம் தண்ணீர். ஜாடிக்கு அப்பால் விரலை வைத்தால் ரேகை தெரிகிறது.

ஜெசிந்தா இன்று பேசவில்லை. தண்ணீர் கொண்டுபோனபோது உதட்டைக் கடித்துப் புண்ணாக்கி வைத்திருந்தாள். குவளையைப் பிடிக்க முடியவில்லை, நான் பிடித்தேன். நாளைக்கு மருந்து தருகிறேன் என்றேன். தலையை ஆட்டினாள். ஒரு தவறும் இல்லாத மருந்து, என்றேன். அதற்கும் ஆட்டினாள்.

நாள் 419 | 08:30

ஏழாம் தண்ணீர். நேற்று ஆறாவதை வடித்துவிட்டு அதை ஊற்றியபோதே தொட்டி காற்றை இழுத்துக் கரகரத்தது. அடியில் எங்கள் இருவருக்கும் இன்றைக்கு வேண்டியது மட்டும் நிற்கிறது. மாலை ஊர்தி வந்துவிடும். கணக்கு சரி.

நாள் 419 | 13:00

ஏழாம் தண்ணீரை வடித்துவிட்டேன். வடித்த தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு துளி நிறமில்லை, ஒரு துளி வாடையில்லை. இதை வித்யாபதி பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். படம் எடுத்து அனுப்பினேன். பிறகு மற்றத் தண்ணீரைப் போலவே கொண்டுபோய்ப் பாத்தியில் ஊற்றினேன்.

பூவைத் தட்டில் பரப்பி, வெளிவாசல் அறையில் வைத்துக் காற்றழுத்தத்தை இறக்கினேன். பூவில் இருந்த ஈரம் அப்படியே பறந்துவிட்டது. பூமியில் ஒரு வாரம் ஆகும் வேலை. சாம்பல் பச்சையாய், வாடையற்று, வைக்கோல் போல லேசாக வந்தது. அழகான சரக்கு.

எண்ணெய்க்கு ஜெசிந்தாவின் பெட்டியில் இருந்த தேங்காய் எண்ணெய். அனுமதி கேட்டபோது இரண்டு நாளில் முதல் முறையாகப் பேசினாள்:

"தலைக்குத் தேய்க்க வச்சிருந்தது சார். எடுத்துக்கிடுங்க. செம்பருத்தி போட்டுக் காய்ச்சினது. வலி போவலன்னாலும் முடியாவது வளரட்டும்."

நாள் 419 | 16:10

மிதமான சூட்டில் பூவை எண்ணெயில் வைத்து, வடிகட்டி, ஒரு தேக்கரண்டி கொடுத்தேன். முகம் சுளிக்கவில்லை. கசப்பே இல்லை என்றாள். 

நாள் 419 | 17:55

வலி போய்விட்டது. எழுதி வைக்கிறேன்: வலி போய்விட்டது. என் முறை வேலை செய்தது. உள்பேசியில் அவள் பாடுகிறாள். ஏதோ கோயில் பாட்டு, வரி மறந்துபோய் நடுவில் 'லல்லல்லா'.

"சார், கால் இருக்கு, ஆனா வேற யார் காலோ மாதிரி இருக்கு. நீங்க பெரிய ஆளு சார். சும்மா சொல்லல. பூமிக்குப் போயி அந்த வித்யாபதியக் கூப்பிட்டு வச்சி நானே சொல்லுதேன்."

பதினெட்டு ஆண்டுகளில் இதை எனக்குச் சொன்ன முதல் ஆள்.

நாள் 419 | 18:30

வித்யாபதி. குரல் தாழ்ந்திருந்தது:

"கோவர்தா, ஊர்தி புழுதியில சிக்கிருச்சு. அச்சு ஒடஞ்சிருக்கு. வேற ஊர்தி அனுப்புறாங்க. ஆறு நாள் ஆகும். மூணு நாளா உன் அளவீடு எதுவும் இங்க வரல, நீ நாலாவது தண்ணியோட நிறுத்தியிருப்பேன்னு நம்புறேன். அப்பவே நிறுத்தியிருந்தா ரெண்டு பேருக்கும் தாராளமா இருக்கும். படம் இப்பத்தான் வந்துச்சு. என்ன படம்டா அது? அந்த ஜாடியில இருக்கிறது என்ன?"

தொட்டியைத் திறந்து பார்த்தேன்.

தொட்டியில் ஒரு குவளை.

நாள் 420 | 07:15

அந்தக் குவளையை அவளுக்குக் கொடுத்தேன். ஒரே மடக்கில் குடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் தாங்க சார். வாயெல்லாம் பஞ்ச அடைச்சு வச்ச மாதிரி இருக்கு."

கஞ்சா வாயை உலர்த்தும். எச்சில் சுரப்பதை நிறுத்திவிடும். முதலாண்டு மாணவனுக்குத் தெரியும். என் கட்டுரையின் பக்கவிளைவுப் பட்டியலில் முதல் வரி அது. நான் எழுதிய வரி.

நாள் 420 | 12:40

பாத்தியை உளியால் உடைத்தேன். சிவப்பாக, கல்லாக இருக்கிறது. எந்தத் தண்ணீர் எங்கே போயிற்று என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. மண்ணில் இருந்த உப்பெல்லாம் அதில் சேர்ந்துவிட்டது. ஒரு கட்டியைக் கையிடுக்கில் வைத்து உருக்கினேன். சேறு. நாக்கில் வைத்தேன். கசந்தது. துணியில் பிழிந்தேன். சேறுதான். காய்ச்சி ஆவியைப் பிடிக்க மருத்துவ அறையின் வெப்பத்தை நிறுத்த வேண்டும், அவள் உறைந்துவிடுவாள். இதை அவளுக்கு எப்படிக் கொடுப்பது?

நாள் 420 | 17:00

மருந்தை நிறுத்தினால் தாகம் குறையலாம். வலி திரும்பும். இன்று மாலை வேளை கொடுக்காமல் இருந்தேன். ஒரு மணி நேரம் கத்தினாள். கொடுத்துவிட்டேன்.

நாள் 421 | 09:00

தாகம் அவளுக்குத் தெரிகிறது, கேட்டது நினைவில் நிற்கவில்லை. மருந்தின் வேலை. ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் முதலில் கேட்பவளைப் போல மரியாதையாகக் கேட்கிறாள்.

"சார், தொந்தரவு பண்ணுதேன்னு நெனைக்காதீய. ஒரு மடக்குத் தண்ணி கிடைக்குமா?"

கொண்டுவருகிறேன் என்றேன்.

நாள் 421

"சார், வேலையா இருக்கீயளா? ஒரு மடக்குத் தண்ணி கிடைக்குமா?"

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான்காம் தண்ணீரிலேயே உப்புமானி இறங்கி நின்றுவிட்டது. கருவி சரியாகத்தான் இருந்தது. இதை வித்யாபதிக்குச்

உள்பேசியை அணைத்துவிட்டேன். கதவு வழியாகவும் கேட்கிறது. வலியே இல்லாத குரல்.

"சார், உள்ள யாராவது இருக்கீயளா? கொஞ்சம் தண்ணி"