அண்ணனைக் கலகெதரைக்கு அனுப்பிய வாரம்

அக்டோபர் 9, திங்கள்
காலையிலிருந்து மழை. துணிக்கொடி ஹாலுக்குள்.

இளம் ஆய்வாளர் நிதியின் கடைசிச் சுற்றில் என் பெயரும் இருக்கிறதாம். பேராசிரியை போனில் சொன்னார். கிடைத்தால் மூன்று வருட ஆராய்ச்சி. கிடைக்காவிட்டால் டிசம்பரோடு தற்காலிக வேலையும் முடிந்தது. பிறகு டியூஷன்தான்.

வெள்ளிக்கிழமை நிதிக் குழுவிலிருந்து இரண்டு பேர் நேரில் பார்க்க வருகிறார்கள். கொழும்பு டாக்டர் ஒருவர், வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர். பகலில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்குக் கூட்டிப்போக வேண்டும். திரும்பும் வழியில் குண்டசாலையில் எங்கள் வீடு.

பேராசிரியை யாழ்ப்பாணத்துக்காரர். "வீட்டை கூட்டிக்கொண்டு போய்த் தேத்தண்ணி குடுத்து அனுப்பும். அவையளுக்குப் பிடிக்கும்" என்றார். சரி என்றுவிட்டேன். போனை வைத்த பிறகுதான் அண்ணன் ஞாபகம் வந்தது.

என் ஆய்வு: மனநோய் உள்ளவர்களைக் குடும்பங்கள் ஏன் மறைக்கின்றன. தலைப்பு நானே வைத்தது. நல்ல லட்சணம்.

அக். 11, புதன்
வாங்க: பால்மா, கிரீம் கிராக்கர், கோப்பை 4 (பழையதில் விளிம்பு போய்விட்டது). திரைச்சீலை துவைக்க.

அண்ணனுக்கு இப்போது பரவாயில்லை. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறான். காதில் கேட்கும் குரல்களுக்கு மட்டும் சில நேரம் சத்தமாகவே பதில் சொல்வான். யாரையும் ஒன்றும் செய்ததில்லை. அது எனக்குத் தெரியும். அதைப் பற்றி வகுப்பே எடுத்திருக்கிறேன்.

அம்மா கேட்டார், "அவன அத்த வீட்டுக்கு அனுப்பிருவோமா?" நான் பிஸ்கட் எந்தக் கடையில் வாங்கலாம் என்று கேட்டேன். அம்மாவுக்கு அது போதும்.

அக். 12, வியாழன்
மழை விட்டது. குளிர்.

வேலை முடிந்து வந்தால் அண்ணன் சவரம் செய்து, பை கட்டி, கதிரையில் உட்கார்ந்திருக்கிறான். யாரும் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லையாம். துவைத்த திரைச்சீலை, புதுக் கோப்பை. அவனே புரிந்துகொண்டான். என்னைப் பெண் பார்க்க வந்தபோதெல்லாம் இப்படித்தான் அவனைக் கலகெதரைக்கு, அத்தை வீட்டுக்கு அனுப்பினோம். அண்ணனுக்கு இப்படி என்று தெரிந்தால் யார் கட்டுவார்கள் என்று அம்மாவுக்குப் பயம். தெரிந்துதான் போனது, யாரும் கட்டவுமில்லை.

"மாப்பிள்ள வீட்டுக்காரங்க எப்ப வர்றாங்க?" என்றான்.

இல்லை, இது வேலை விஷயம் என்று சொல்லியிருக்கலாம். அப்படியானால் நான் ஏன் போகணும் என்று கேட்டிருப்பான். "நாளைக்கு" என்றேன்.

"இந்த மொற அமைஞ்சிரும் பாரு, பாப்பா."

கண்டி வரை கூடப் போய்க் கலகெதரை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னலில் இருந்து கை காட்டினான். வெட்கமாக இருந்தது. அதோடு ஒரு நிம்மதியும். அதுதான் இன்னும் கேவலம்.

அக். 13, வெள்ளி
எல்லாம் நன்றாக நடந்தது என்றுதான் எழுத வேண்டும்.

லயத்தில் ஒரு அம்மா மனம் திறந்து பேசினார். மகனுக்குப் பல வருடமாக இந்த நோய். "வெளிய சொன்னா எம் மகள யாரு கேட்டு வருவா?" அதை ஆங்கிலத்தில் அந்த இருவருக்கும் விளக்கினேன். சரளமாக.

வீட்டில் தேநீர். வெளிநாட்டுப் பெண்மணி, உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இந்த அனுபவம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணி தன் தம்பிக்கு இதே நோய் என்றார். அவனால்தான் இந்தத் துறைக்கு வந்தாராம். போனில் அவன் படத்தைக் காட்டினார். கேக்கோடு ஒருவன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இன்னொரு கோப்பை ஊற்றவா என்று கேட்டேன்.

அக். 17, செவ்வாய்
"உமக்குத்தான் கிடைச்சிருக்கு" என்றார் பேராசிரியை. நான் நன்றி, நன்றி என்றேன். அம்மா கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தார்.

அந்தப் பெண்மணிக்கு உண்மையைச் சொல்லி ஒரு மின்னஞ்சல் அடித்தேன். அழித்தேன். நிதியை நிறுத்திவிடுவார்களோ என்ற பயமில்லை. அவர் முகம் மாறுமே, அதுதான்.

அக். 18, புதன்
வெயில். அண்ணனைக் கூட்டிவரக் கலகெதரைக்கு. அத்தை பலாக்காய் கொடுத்தனுப்பினார். திரும்பும் பஸ்ஸில் கூட்டம், ஆனாலும் இடம் கிடைத்தது.

"அவங்களுக்குப் புடிச்சிருச்சா?" என்று கேட்டான்.

புடிச்சிருச்சு என்றேன். அது பொய்யுமில்லை. சிரித்துக்கொண்டே வந்தான். முன் சீட்டுக்காரரிடம், "தங்கச்சிக்குக் கல்யாணம்" என்றான். அவரும் சந்தோஷம் என்றார். நான் பலாக்காயைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. ஆற்றைப் பார்த்தான். பிறகு மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காமல்,

"கல்யாணத்தன்னைக்கி நா வரலாமா, பாப்பா? இல்ல, அன்னைக்கும் அத்த வீடுதானா?"