நாரி எப்படி இருக்கிறாள்?

அன்புள்ள டீச்சர்,

இன்று காலை ராகலை பஸ்ஸில் ஒரு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சேலையெல்லாம் தைல வாசம். "குறுக்கு வலிக்குதுங்க, ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்றார். உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து, நான் கற்பிக்கும் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு நீங்களும் டீச்சராக வந்த முதல் வாரம், கதிரையை விட்டு எழும்பும்போது "நாரி நோகுது" என்றீர்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"நாரின்னா பொண்ணுங்க டீச்சர். எந்தப் பொண்ணு நோகுறா?"

"நக்கலடியாதையும். உங்கட குறுக்கு மட்டும் திறமோ? எங்கட ஊரில குறுக்கால போவான் எண்டால் ஏச்சு."

முதுகு முடிந்து இடுப்பு தொடங்கும் அந்த ஒரே இடம்தான் உங்களுக்கு நாரி, எங்களுக்குக் குறுக்கு. அதன்பின் தினமும் காலையில், "நாரி எப்படி இருக்கா?" என்று கேட்பேன். "இருக்கிறா" என்பீர்கள். கேலி செய்து செய்து, அது ஒரு வலி என்பதையே மறந்துபோனேன். எனக்கே என்மேல் கோபம் வருகிறது.

ஒருநாள் வலி கூடி உங்களை அழைத்துப்போன ஆஸ்பத்திரியில் டாக்டருக்குத் தமிழ் தெரியாது, உங்களுக்குச் சிங்களம் தெரியாது. நடுவில் நான். எங்கே வலி என்று கேட்டார். "நாரி" என்றீர்கள். இடுப்பு வலி என்று பெருமையாகச் சிங்களத்தில் சொன்னேன். மாத்திரையும் தைலமும் எழுதித் தந்தார்.

உங்கள் கை இடுப்பில் இல்லை டீச்சர். வலது விலாவுக்குக் கீழே, பக்கவாட்டில் அழுத்திக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். சொல்லை மட்டும் மாற்றிச் சொன்னேன், கையைப் பற்றி வாய் திறக்கவில்லை. நீங்கள் ஊர் திரும்பிய பிறகு, அது சிறுநீரக நோய் என்று யாழ்ப்பாணத்தில் கண்டுபிடித்தபோது காலம் கடந்திருந்தது. அன்றே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பீர்களா? உங்கள் தங்கையிடம் கேட்கலாம் என்று இரண்டு முறை போனை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன்.

இன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு அந்த அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இறங்கினேன்.

"எடத்தோட பேரு வேணாங்க. வலிக்கிற எடத்துல கை வச்சுக் காட்டுங்க."

வைத்தார். சரியாகக் குறுக்கின் நடுவில். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

"இன்னும் கொஞ்சம் பக்கத்துல தொட்டுப் பாருங்க. இல்லியா? இன்னும் கொஞ்சம் மேல?"

"இல்லீங்க டீச்சர், இங்கதான்" என்று அவர் சிரித்தார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.