கிள்ளானுக்குப் போகும் கடலை

கோவில்பட்டி,
பிப்ரவரி 8, வியாழன்.

அன்புள்ள அத்தானுக்கு முத்துசெல்வி எழுதுவது. நானும் பிள்ளை இந்துஜாவும் சுகம். அவளுக்குத் திருப்புதல் தேர்வு நடக்கிறது. நீங்கள் அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். வழக்கத்துக்காக எழுதும் வரி இல்லை இது.

நீங்கள் போன் பேசும்போதெல்லாம் எங்கள் கம்பெனி முதலாளியின் மச்சினர் பக்கத்தில் நிற்கிறார். மெசேஜ் அனுப்பினாலும் அவர் கண்ணில் படும். அதனால்தான் கடிதம். ஸ்கூல் பேக் கடை ஹுமாயூன் அண்ணன் தன் மகளைப் பார்க்க நாளை மலேசியா வருகிறார். உங்கள் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

முதலில் ஒரு பொய்யைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பாவுக்குக் காய்ச்சல் என்று போனில் சொன்னேன் அல்லவா? காய்ச்சல் இல்லை. பதினோரு நாளாக மாமா திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார். கண்ணும் தோலும் மஞ்சள். வயிறு வீங்கியிருக்கிறது. ஈரல் கெட்டுவிட்டது என்கிறார்கள்.

டிசம்பர் மழையில் எங்கள் கம்பெனி குடோனுக்குள் தண்ணீர் வந்தது உங்களுக்குத் தெரியும். கடலை மூட்டைகள் மூன்று நாள் நனைந்து கிடந்தன. காயவைத்தும் பூஞ்சை பூத்துவிட்டது. பொறுக்கும் இடத்தில் நாங்கள் ஆறு பெண்கள் கறுத்ததையும் பச்சை படிந்ததையும் கூடைகூடையாகத் தள்ளினோம். குப்பைக்குத்தானே போகிறது, வீட்டு ஆட்டுக்காவது ஆகட்டும் என்று மேனேஜரிடம் கேட்டு, தினமும் ஒரு பை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நான்தான் கொண்டுவந்தேன், அத்தான்.

பொங்கல் முடிந்த வாரம் ஆடுகள் தீவனத்தில் வாய் வைக்கவில்லை. ஒன்பது ஆடு செத்தது. அறுத்துப் பார்த்த கால்நடை டாக்டர், உள்ளே எல்லாம் மஞ்சளாக இருக்கிறது, என்ன போட்டீர்கள் என்று கேட்டார். பையைக் காட்டினேன். பூஞ்சைக் கடலையில் விஷம் ஊறும், வறுத்தாலும் பொரித்தாலும் முழுசாகப் போகாது என்றார். டாக்டர் போன பிறகுதான் மாமா சொன்னார், அந்தப் பையிலிருந்து சுமாரானதைப் பொறுக்கித் துடைத்து வறுத்து, மேய்ச்சலுக்குப் போகும்போது மடியில் கட்டிக்கொண்டு போய்த் தின்றிருக்கிறார். கிட்டத்தட்ட ஒரு மாதம். கடலைதான் காரணமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். இருக்கலாம் என்றார்கள். குடிக்கவே மாட்டாரே அவர்.

இப்போது நான் சொல்ல வந்தது. நீங்கள் வேலை பார்க்கும் கிள்ளான் குடோனில் எல்லா ஊர் மாவுக் கடலையும் வந்து இறங்குகிறது என்று பெருமையாகச் சொன்னீர்கள். தாய்லாந்துக் கடலை தேங்காய்ப்பால் வாசம் என்றீர்கள். பிழைக்கப் போன ஜப்பான்காரர் ஒருவர் மெக்சிகோவில் உலகச் சண்டைக் காலத்தில் வேலை போய், பெண்டாட்டியோடு வீட்டில் உட்கார்ந்து கடலைக்கு மாவு பூசி விற்றாராம், அங்கே இன்னும் ஜப்பான் கடலை என்றுதான் பெயராம் என்று சொன்னீர்கள். நம் கோவில்பட்டிக் கடலையும் அதன் பக்கத்தில் அடுக்கியிருக்கிறது என்றபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கடலை மிட்டாய் என்றால் சொத்தை கண்ணுக்குத் தெரிந்துவிடும். மாவுக் கடலை அப்படி இல்லை. டிரம்மில் சுற்றச் சுற்ற மாவும் பாகும் ஏறி, நல்லதும் கெட்டதும் ஒரே உருண்டை ஆகிவிடும். மிளகாய்ப் பொடி போட்டால் கசப்பும் தெரியாது. பொங்கலுக்கு முந்தின வாரம், ஆர்டர் தேதி நெருங்கிவிட்டது, இனிமேல் பொறுக்க வேண்டாம், அப்படியே டிரம்மில் தட்டுங்கள் என்று முதலாளி சொல்லிவிட்டார். தட்டினோம். நானும்தான்.

மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் முதலாளியிடம் போய், அந்தச் சரக்கை அனுப்ப வேண்டாம் என்று நின்றேன். “ஆடு தின்னது பச்சைக் கடலை. இது எண்ணெயில வெந்து போவுது. ஒன் வீட்டுக்காரன் அங்கன என் மச்சினன்கிட்டதான நிக்கான்? அத நெனச்சுக்கிட்டுப் பேசு” என்றார். நினைத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். வேலைக்கு வரவேண்டாம் என்று அன்று சாயங்காலமே சொல்லி அனுப்பிவிட்டார்கள். என்னிடமிருந்த அந்தச் சரக்குப் பாக்கெட் இரண்டை உணவுப் பாதுகாப்பு ஆபீசில் கொடுத்துப் புகார் எழுதியிருக்கிறேன். பரிசோதனை முடிய நாளாகும் என்கிறார்கள். திங்கட்கிழமை தூத்துக்குடியிலிருந்து கண்டெய்னர் போய்விட்டது.

அது உங்களிடம்தான் வருகிறது. சிவப்புப் பாக்கெட், தொகுதி எண் 0124 என்று போட்டிருக்கும். சோறு பொங்க நேரமில்லாத நாளெல்லாம் ஒரு பாக்கெட் கடலையும் டீயும்தான் என்று சொல்லியிருக்கிறீர்கள். இதைத் தொடாதீர்கள். கடைக்கும் போகவிடாதீர்கள். அங்கே யாரிடம் சொன்னால் நிற்குமோ அவர்களிடம் சொல்லுங்கள். சொன்னால் உங்கள் வேலை போகும். தெரிந்துதான் எழுதுகிறேன். நம் பிள்ளை மாதிரி எத்தனை பிள்ளைகள் அதைப் பிரிக்கும்?

என்மேல் கோபம் வந்தால் நேரில் வந்து திட்டுங்கள். மாமா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

நேற்று மத்தியானம் கொஞ்ச நேரம் தெளிவாக இருந்தார். “மாரி பஸ் ஏறிட்டானாட்டி?” என்று உங்களைத்தான் கேட்டார். “ஏறிட்டாவ மாமா” என்று சொல்லியிருக்கிறேன். சீக்கிரம் வாருங்கள், அத்தான்.

உங்கள்,
முத்துசெல்வி