வரி பிசகாமல்

1984 ஜூலை 8
தருமபுரியில் முதல் ஞாயிறு வகுப்பு. அஞ்சல் வழி பி.ஏ., வரலாறு. பத்திரப் பதிவு அலுவலகத்தில் நகல் எழுதி ஓய்வு பெற்றவன், இந்த வயதில் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். விரிவுரையாளர் சென்றாயனுக்கு என் மகன் வயது. பேசிக்கொண்டே போகிறார். பள்ளியில் வாத்தியார் “எழுதிக்கோ” என்பார், எழுதுவோம். இங்கே எது முக்கியம் என்று யார் சொல்வார்கள்? கேட்கத் துணிவில்லை.

ஜூலை 15
அவர் இருமியதைத் தவிர எல்லாவற்றையும் எழுதினேன். பக்கத்தில் அஸ்கரி பேகம், எங்கள் காரிமங்கலத்துப் பால்வாடி டீச்சர். எட்டிப் பார்த்து, “பெரியவரே, பஸ் லேட்டுன்னு சார் சொன்னதையும் எழுதியிருக்கீங்க” என்றார்.
எழுதித்தான் இருந்தேன்.

ஆகஸ்ட் 3
பள்ளியில் செய்ததுபோல் விடியலில் உரக்க மனப்பாடம். அடுப்படியிலிருந்து மனைவி ராஜமேரி: “என்னங்க இது, செத்தவங்களுக்கு செபம் சொல்றாப்பல?”

ஆகஸ்ட் 19
கட்டுரை திரும்பி வந்தது. வெள்ளையர் கால நிலவரி உழவர்களுக்கு நன்மை செய்ததா என்பது வினா. பாடத்தை வரி பிசகாமல் எழுதியிருந்தேன். நூற்றுக்கு இருபத்தெட்டு. ஓரத்தில் சிவப்பு மை: ‘நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?’
நகல் எழுதுகிறவன் நினைக்க ஆரம்பித்தால் பத்திரம் என்ன ஆவது? ஓர் எழுத்தை மாற்றாததற்காகவே மெச்சப்பட்டவன் நான். நினைப்பதற்கு நான் யார்?

செப்டம்பர் 9
எப்படிப் படிக்கிறீர்கள் என்று பேகத்திடம் கேட்டேவிட்டேன். “புஸ்தகத்த மூடி வெச்சிட்டு, பக்கத்து வூட்டுக்காரிகிட்ட சொல்றாப்பல எழுதுவேங்க. தப்புன்னா தொறந்து பாத்துக்கறது.”
வீட்டில் மூடிப் பார்த்தேன். தலைக்குள் ஒன்றுமே இல்லை. உடனே திறந்துவிட்டேன்.

1985 ஜனவரி 20
மூடிய புத்தகத்தோடு அரைப் பக்கம் வந்தது. அறுவடைக்கு முன்பே வரித் தவணை வந்தால் உழவன் விளைச்சலை எவனிடமாவது அடிமாட்டு விலைக்குத்தானே விற்பான்? இது புத்தகத்தில் இல்லை. அடித்துவிடலாமா? அடிக்கவில்லை.

மே 6
முதல் தாள். பயத்தில் பழையபடி மனப்பாடத்துக்கே போனேன். நடுவில் ஒரு வாக்கியம் நழுவியது — பின்னாடி வந்ததெல்லாம் போச்சு. எதுக்கு இந்த வயசுல இதெல்லாம்?

மே 8
இன்று மனப்பாடமாக ஒன்றும் எழுதவில்லை. சரியா தவறா, தெரியவில்லை.

ஆகஸ்ட் 12
முடிவு வந்தது. முதல் தாளில் தோல்வி. பள்ளியில் ஒன்றில் விழுந்தால் எல்லாவற்றிலும் விழுந்ததுதான். புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டேன்.

ஆகஸ்ட் 25
வகுப்பு முடிந்து பேகம் வீட்டுக்கே வந்துவிட்டார். ஏன் வரவில்லை என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் சிரித்தார்.
“அந்த ஒரு பேப்பர மட்டும் மறுபடி எழுதுனா போதுங்க. அரியர்னு பேரு. நீங்க பாட்டுக்கு ரெண்டாம் வருசம் வரலாம். எனக்கே ரெண்டு அரியர், நான் சோறு திங்கலியா?”
“இது தெரியாமத்தான் இவரு ஒழுங்கா திங்காம கெடந்தாரு” என்றாள் ராஜமேரி, பரணுக்கு ஏணியை எடுத்தபடி.

செப்டம்பர் 1
இரண்டாம் ஆண்டு வகுப்பு. பஞ்சத்துக்கு மழை பொய்த்ததே காரணம் என்றார் சென்றாயன். எழுந்துவிட்டேன். “அது மட்டும்னு எனக்குத் தோணலீங்க சார்.” “ஏன், சொல்லுங்கய்யா” என்றார். அறுவடைக்கு முன்பே வரும் வரித் தவணையைச் சொன்னேன். அவர் மறுத்தார். மறுபடியும் சொன்னேன். மணி அடித்துவிட்டது.
குறிப்பு ஒரு வரிகூட எடுக்கவில்லை.