பெத்ரித் மாமாவின் டிஷ்

அப்பா,

ஆடுகளைக் கறந்ததும் இதைப் படியுங்கள். அடுப்பில் பீன்ஸ் சூப் இருக்கிறது. பட்டச் சான்றிதழ் வாங்க பெர்மெத் நகரத்துக்குப் போகிறேன். மூன்றுக்குள் வந்துவிடுவேன், நான்கு மணிக்கு ஆன்லைனில் நேர்காணல்.

பத்து மணிக்கு ஃபைபர் இணைப்புக் கொடுக்க ஆள் வருவான். நேற்றுபோல ராக்கி சாராயம் ஊற்றிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினீர்கள் என்றால் சூப்போடு சட்டியையும் ஆட்டுக்கு வைப்பேன்.

"உன் முதல் முடியை வெட்டின மனுஷன்டி, ரத்த சொந்தத்துக்கும் மேல! அவன் நெட்டை எந்த மூஞ்சியோட நிறுத்தச் சொல்றது?" என்று குதித்தீர்கள். ஒரு வயதில் என் முடியை வெட்டினார் என்பதற்காக, பெத்ரித் மாமா கூரை டிஷ்ஷிலிருந்து ஊருக்கு விடும் இணையத்தை நான் ஆயுசுக்கும் சகிக்க வேண்டுமா? போன வார நேர்காணலில், காற்றில் டிஷ் திரும்பி, பேச்சின் நடுவே வாயைப் பிளந்தபடி உறைந்துபோனேன். நம் குடும்பத்தின் முதல் பட்டதாரியை அவர்கள் பார்த்த லட்சணம் அதுதான். பாவப்பட்டு இன்னொரு வாய்ப்புத் தந்திருக்கிறார்கள். மூன்றாவது கிடையாது.

மிமோசா

பி.கு.: எழுதியும் ஆத்திரம் அடங்காமல் மாமா வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தேன். அவர் காது சிவந்துவிட்டது. "மெதுவா பேசு கண்ணு. நானே ஃபைபர் கேட்டு ஒரு மாசமாச்சு. என் டிஷ்ஷையே கட்டிக்கிட்டு இருக்கற உங்கப்பன் மனசு நோகுமேன்னு அந்த ஆளை வரவேணாம்னு சொல்லிட்டே இருக்கேன்" என்றார்.

பத்து மணிக்கு ஏணியோடு அவரும் வருகிறார். முதலில் நம் வீடு, பிறகு அவர் வீடு. ராக்கி பாட்டிலைத் தேடாதீர்கள், என் பையில் இருக்கிறது. நேர்காணல் முடிந்ததும் நானே ஊற்றுகிறேன்.