வண்டி சாவி எங்கிட்ட கீது

நிஷா அப்பாவுக்கு,

உங்க அண்ணனுக்கு இன்னிக்குக் காலு எடுக்கறாங்க. சுகர் புண்ணு மேல ஏறிடுச்சாம். காலைல போன் வந்துச்சி. நைட் டூட்டி முடிஞ்சி வந்து அசந்து தூங்கினீங்க, எழுப்பல. நான் பஸ்ல ஆஸ்பத்திரிக்குப் போறேன்.

கேவுரு கூழு பானையில கீது. குடிச்சிட்டு வாங்க. நிஷா ஸ்கூலுக்குப் போயிட்டா, அவகிட்ட எதுவும் சொல்லல.

வண்டி சாவி எங்கிட்ட கீது, தேடாதீங்க. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஏரிக்கரை மேல நடந்தே வாங்க.

நேத்து நீங்க கத்தினது எனக்கு இன்னும் ஆறல. நர்சம்மா இன்னா சொன்னாங்க? உங்களுக்கு சுகர் இன்னும் வரல, வர்ற மாதிரி கீது, தினம் நடந்தா தள்ளிப் போடலாம்னாங்க. வேலையில்லாம கரை மேல நடந்தா சுகர்க்காரன்னு ஊரே பேசும், நாளைக்கு நிஷாவுக்கு மாப்பிள்ளை வராதுன்னீங்க. உங்க அண்ணனும் இதையே சொல்லிக்கினுதான் டீக்கடைக்குக்கூட வண்டியில போனாரு. நெல்லுக் கட்டு சுமந்த வரைக்கும் உங்க ரெண்டு பேரையும் யாரும் நடக்கச் சொல்லல. கம்பெனி கேட்டுல வாட்ச்மேனா உக்காந்த பிறகுதான் எல்லாம்.

அண்ணனுக்கு ரெண்டு லுங்கி எடுத்துக்கினு வாங்க. பேண்ட் வேணாம்.

பாக்கியமேரி

இன்னொண்ணு. போன்ல அண்ணன் அழுதாரு. வர்ற மாசம் அவரு பொண்ணு பரிமளா கல்யாணத்துல, அவள சர்ச்சுக்குள்ள கைபுடிச்சி நீங்கதான் நடத்திக்கினு போகணுமாம். சரின்னு சொல்லிட்டேன்.

நாளைக்கு நம்ம நிஷாவ அப்படி நடத்திக்கினு போக நான் யார்கிட்டப் போயி கேக்கறது?